ஐஸ் வாத்தின் போர்வை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் உடம்பும் வேலையும் ஒழுங்காக இருக்கும் என்ற நினைப்போடு எழுதுகிறேன். நலம் என்று சொல்லும்போது அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது போய்விட்டது. அது இருந்த இடத்தில் நாக்கை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டு, “வாடகைக்கு விடலாம், அவ்வளவு இடம் இருக்கு” என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக் கடையில் வியாபாரம் வழக்கம்போலத்தான், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் பிள்ளைகளுக்குப் புதுக் கண்ணாடி போட வருவார்கள், மற்ற மாதங்களில் பேரன் பேத்திகள் உட்கார்ந்து வளைத்த பிரேம்கள்தான் வரும். சமையலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் துளை போடுகிற இயந்திரம் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறார், வாங்கியதற்காகவே துளை போடுகிறார் என்று அப்பா சொல்கிறார். இதெல்லாம் போனிலேயே உனக்குச் சொன்னதுதான். நீ மேலோட்டமாகக் கேட்டு நான் மேலோட்டமாகப் பதில் சொன்ன விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதம் அதற்காக.

சித்தியின் மழலையர் பள்ளியில் நான் நடத்துகிற கதை நேரத்தை அந்த அறக்கட்டளைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நடத்துகிற எல்லாப் பள்ளிகளிலும் அடுத்த ஆண்டிலிருந்து அது நடக்கும். சித்தி உனக்கு இதைச் சொல்லியிருப்பாள், நீ சந்தோஷப்பட்டிருப்பாய். நான் அதில் இல்லை என்பதைச் சொன்னாளா என்று தெரியவில்லை. ஏன் இல்லை என்பதை நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். அதில் உனக்கும் பங்கு இருக்கிறது என்று சித்தி சொல்கிறாள், அதை நான் உன்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும். பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, என் பள்ளிக்கு வந்து உட்கார் என்று சித்திதான் கூப்பிட்டாள். ரசாயனம் படித்துவிட்டு நான் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டேன். “நீ ஒண்ணும் சொல்லிக்கொடுக்க வேணாம் அக்கா, நீ எதையும் லேசுல நம்ப மாட்டே இல்ல, அதுங்களும் அப்படித்தான், செட்டு சேரும்” என்றாள். பேச்சுக்காரி, அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தும் இருந்தது. அவள் சொன்னது உண்மையும்கூட. அந்த அறையில் விஞ்ஞானம் என்ற வார்த்தையை நான் ஒருநாளும் உச்சரித்ததில்லை. ஒரு படக்கதை, அதோடு கையால் செய்து பார்க்க ஏதாவது ஒன்று, அவ்வளவுதான். தன் நிழலைப் பார்த்துப் பயந்த கரடியின் கதை என்றால் ஒரு டார்ச், ஒரு சுவர், பிள்ளைகளின் விரல்கள். மழையில் நனையாத இலையின் கதை என்றால் மருந்து பாட்டிலின் சொட்டுக்குழாய், ஒரு டம்ளர் தண்ணீர், வாசல் செடியிலிருந்து பறித்த நாலைந்து இலைகள், மெழுகு தேய்த்த காகிதம் கொஞ்சம், தேய்க்காதது கொஞ்சம். கதையில் முடிவு வருகிற பக்கத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவேன். மீதிப் பக்கங்களைத் துணி காயப்போடுகிற கிளிப்பால் பிடித்து வைத்திருப்பேன். என்ன நடக்கும் என்று யாருக்கு எப்படித் தோன்றுகிறதோ அந்தப் பதிலுக்கென்று வைத்த டப்பாவில் அவர்கள் ஒரு பாசிமணியைப் போட வேண்டும், பிறகு செய்து பார்க்க வேண்டும், செய்து பார்த்த பிறகுதான் கிளிப்பை எடுப்பேன். பிள்ளைகள் அதற்குக் கிளிப் கதை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் புத்தகங்களைத் தேடித் தேடி அனுப்புகிறவள் நீ. வேலை முடிந்து வருகிற வழியில் பழைய புத்தகக் கடையின் தரையில் உட்கார்ந்து, நீ இருக்கிற ஊர் மொழியில் இருப்பதைப் படித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தமிழில் எழுதி ஒட்டி, கடைசிப் பக்கங்களை நாடாவால் கட்டித்தான் அனுப்புவாய். நானும் அதை அவிழ்க்க மாட்டேன். தண்ணீரும் காந்தமும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், கதை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது, பிள்ளைகளோடு சேர்ந்து தெரிந்துகொள்வேன். இது நமக்குள் யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. “அம்மாவும் பொண்ணும் பரீட்சைப் பேப்பர் கடத்துற மாதிரியே பண்றீங்க” என்று சித்தி கேலி செய்வாள், நாம் சிரிப்போம்.

அறக்கட்டளைக்காரர்கள் முதல் தடவை வந்தது காந்தக் கதை சொன்ன அன்றைக்கு. வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், எல்லோரும் அவளை மேதை என்றுதான் கூப்பிடுவோம், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள், காரணம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். காந்தம் ஏன் ஆணியை இழுக்கிறது என்று கேட்டதற்கு, “அதுக்குப் பசி மிஸ். ஆணின்னா சாப்பிடும், பொத்தான்னா துப்பிடும்” என்றாள். அதோடு விடவில்லை, தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வந்து காந்தத்தின் வாயில் வைத்துப் பார்த்தாள். அது தொடவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, “பிஸ்கட்டே வேணாங்குதே, இதுக்கு உடம்பு சரியில்ல மிஸ்” என்றாள். பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் தாங்கள் சொன்னதைத் தாங்களே ஒரு பிஸ்கட் வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் சொல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சந்தோஷத்தில் வந்த சிரிப்பு. வந்தவர்களில் டை கட்டிய அதிகாரி ஒருவர் இருந்தார், கல்வித் திட்டங்களைப் பார்த்துக்கொள்கிறவராம். “இத்தனை பிள்ளைங்க தப்பா சொல்றாங்க, நீங்க திருத்தாம சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே மேடம்?” என்று கேட்டார். அவங்க தப்பா சொல்லலை, இன்னும் பார்த்து முடிக்கலை என்றேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை. இன்னொரு முறை வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சித்திக்கு அன்றைக்கே கவலை பிடித்துக்கொண்டது. பள்ளி இருக்கிற வீட்டை அதன் சொந்தக்காரர் திரும்பக் கேட்கிறார் என்பது உனக்குத் தெரியுமே. அறக்கட்டளை நம்மைச் சேர்த்துக்கொண்டால் அவர்களுடைய புதுக் கட்டடத்தில் கீழ்த்தளம் சித்திக்குக் கிடைக்கும், இல்லாவிட்டால் இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்பது அவள் கவலை. அந்தக் கவலை பொய்யில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் முறை அவர்கள் வருவதற்கு நீ கடைசியாக அனுப்பிய புத்தகத்தை எடுத்து வைத்திருந்தேன். ஐஸில் செய்த வாத்து ஒன்றைத் தூங்க வைக்கிற சிறுமியின் கதை. குளிருமே என்று வாத்துக்குக் கம்பளி போர்த்துகிறாள், வீட்டில் எல்லோரும், ஐயோ போர்த்தாதே, சூட்டில் உருகிவிடும் என்று கத்துகிறார்கள். அங்கேதான் உன் நாடா. அதைவிட நல்ல கேள்வி இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கிடையாது, போர்வை என்றால் சூடு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், உன் அப்பாவே அப்படித்தான் சொன்னார். வாத்து அச்சு வாங்கி வந்து வீட்டில் ஐஸ் உறைய வைத்துப் பார்த்துக்கொண்டேன். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அப்பாவுக்குப் பல் வலி தாங்க முடியவில்லை, பள்ளிக்கு மாடியிலேயே பல் டாக்டர் இருப்பதால் அங்கே கூட்டிக்கொண்டு போனேன், கதை நேரத்துக்கு அன்று விடுமுறை என்று சித்தியிடம் சொல்லியிருந்தேன். அப்பா உள்ளே வாயைப் பிளந்து படுத்திருந்தார், நான் வெளியே அவருடைய கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே இருந்து பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து “ஆ...” என்று சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி “ஆ...”, பிறகு இன்னொரு முறை, இன்னும் சத்தமாக. ஏதோ பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். டாக்டரின் உதவியாளர் பெண்கூட, “உங்க ஸ்கூல் பசங்களும் எங்க பேஷண்ட் மாதிரியே ஆ காட்டுறாங்களே” என்றாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால்தான் எனக்கு எரிகிறது.

மறுநாள் காலை மூன்று பேர் வந்தார்கள், அறக்கட்டளையின் தலைவி அம்மா, அந்த டை கட்டியவர், போட்டோ எடுக்க ஒரு பெண். பிள்ளைகள் தலை வாரி, மூக்கு துடைத்து, அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேதை எப்போதும் என் முழங்காலை ஒட்டித்தான் உட்காருவாள், அன்று பின் வரிசையில் ஆயாவின் பக்கத்தில் இருந்தாள், வாயில் விரல் வைத்துக்கொண்டு. உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக் கதையை ஆரம்பித்தேன். போர்வை வருகிற பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டு தட்டுகளில் இரண்டு ஐஸ் வாத்துகளை வைத்து, ஒன்றுக்குக் கம்பளி சுற்றி, எது முதலில் உருகும் என்று கேட்டேன். நான் கேட்டு முடிக்கவில்லை. “போர்வை இல்லாததுதான் மிஸ்!” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு குழந்தைகூட மாற்றிச் சொல்லவில்லை. மணிகள் அத்தனையும் ஒரே டப்பாவில் விழுந்தன. ஒருவன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, “வெளிச் சூட்டை உள்ள விடாம போர்வை காவல் காக்கும்” என்று ஒப்பித்தான், காவல் காக்கும் என்பது உன் சித்தியின் பேச்சு, கொசுவலைக்கும் அவள் அப்படித்தான் சொல்வாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை என்றால் நம்புவாயா? புத்திசாலிப் பிள்ளைகள் என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். ஐஸ் உருக நேரம் பிடிக்கும் என்பதால் நடுவில் தொட்டியில் பொம்மைகளை விட்டு விளையாட வைத்தேன், பிறகு எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போர்வையைப் பிரித்தேன். “ஆ...” என்றார்கள். மாடியில் கேட்ட அதே “ஆ”, அதே ஏற்றம், அதே நீளம். அதற்குள் முன் வரிசையில் இருந்த சின்னது ஒன்று என் புடவையைப் பிடித்து இழுத்து, “மிஸ், ஆச்சரியப்பட்டாச்சு, இப்ப பிஸ்கட் தருவீங்களா?” என்று கேட்டது. வந்தவர்கள் சிரித்தார்கள், மழலை என்று நினைத்துக்கொண்டார்கள். நான் கிளிப்பை எடுத்தேன், நாடாவை அவிழ்த்துப் பக்கத்தைத் திருப்புவதற்குள் மூன்று நான்கு பிள்ளைகள் கத்திவிட்டார்கள், “வாத்து குஞ்சாயிடும் மிஸ்!” திருப்பினேன். காலையில் சிறுமி போர்வையைப் பிரிக்கிறாள், வாத்து கொஞ்சம் உருகிச் சின்னதாகியிருக்கிறது, வாத்து குஞ்சாகிவிட்டது என்று அவள் குதிக்கிறாள். எவ்வளவு அழகான முடிவு. அந்த அறையில் அது தெரியாமல் இருந்த ஒரே ஆள் நான்.

அவர்கள் கிளம்பினார்கள். தலைவி அம்மா என் கையைப் பிடித்து, போன தடவைக்கு இந்தத் தடவை எவ்வளவு முன்னேற்றம் என்றார். அவர்கள் போன பிறகு சித்தியிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை, மறைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. “ஆமா, நேத்து ஒரு தடவை செஞ்சு காமிச்சேன். அதுல என்ன கொலையா நடந்துபோச்சு?” என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். “சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா? உனக்கு உன் கிளிப்புதான் பெரிசு. எனக்கு இந்தப் பிள்ளைங்க உக்கார ஒரு இடம் வேணும் அக்கா, அந்த இடத்தை உன் காந்தத்தோட பசி வாங்கித் தராது” என்றாள். மேதையை ஏன் பின்னால் தள்ளினாய் என்றேன். அதற்குத்தான் அவள் முகம் மாறியது. “தள்ளலை. இன்னைக்கு ஒருநாள் பேசாம இரும்மான்னு சொன்னேன், அவ்வளவுதான். அவ வாயைத் திறந்தா என்ன வரும்னு உனக்கே தெரியும்” என்றாள். நான்கு வயதுக் குழந்தையிடம், நீ நினைப்பதைச் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறாள், அதுவும் என் அறையில், என் கதை நேரத்துக்காக. புத்தகம் என் பையில், நாடாகூட அவிழாமல் இருந்ததே, முடிவு உனக்கு எப்படித் தெரியும் என்று கடைசியாகக் கேட்டேன். “உன் பொண்ணுகிட்டதான் கேட்டேன். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருந்தா, அனுப்பி வெச்சா. அவளுக்கு இருக்கிற நடைமுறை அறிவு உனக்கு இல்ல” என்றாள். பிறகு, நான் கேட்காமலே, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நீ சொன்னதாகவும் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா வீங்கிய கன்னத்தோடு, என்ன ஆச்சு என்று கேட்டார், ஒன்றும் இல்லை, தலைவலி என்றேன். பல்வலிக்காரரும் தலைவலிக்காரியும் ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொண்டோம்.

அந்த வாரமே அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். போகப்போகிறேன் என்று சித்தியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், யாருடைய முதுகுக்குப் பின்னாலும் எதுவும் செய்ய எனக்கு வராது. “போ, போய் என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு வா” என்றாள், தடுக்கவில்லை. நீங்கள் பார்த்தது ஒத்திகை செய்தது, பிள்ளைகளுக்குப் பதில் முன்னாலேயே தெரியும், கதை நேரம் அப்படி நடப்பது அல்ல, சொல்லாமல் ஒருநாள் வந்து பாருங்கள் என்று தலைவி அம்மாவிடம் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு, பள்ளிக்கு இடம் போய்விடுமோ என்று பயந்தேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. “ஒத்திகை பார்க்காம எந்த நிகழ்ச்சிம்மா நடக்குது? எங்க டீச்சருங்களுக்கும் இப்படி இருந்தாதான் சுலபம். பிள்ளைங்க என்ன சொல்லணும்னு ஒரு அட்டையில அடிச்சுக் கொடுத்திடுவோம்” என்றார். டீ கொண்டுவரச் சொன்னார். இடம் போகவில்லை மகளே, கீழ்த்தளம் சித்திக்கு உறுதியாகிவிட்டது, டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் அவளையே போட்டிருக்கிறார்கள். நான் பயந்தது நடக்கவில்லை, நான் சொன்ன உண்மை யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. சித்தி செய்தது தேவைப்பட்டதா இல்லையா என்று இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அட்டைகளில் என் பெயரைப் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். உங்க இஷ்டம்மா என்றார். டீ நன்றாகத்தான் இருந்தது.

இந்தப் பிள்ளைகள் பெரிய பள்ளிக்குப் போகும்வரை நான் தொடர்ந்து போவது என்று முடிவு செய்திருக்கிறேன், புதுக் கட்டடத்துக்குப் போக மாட்டேன். சித்தியும் நானும் ஆயா வழியாகப் பேசிக்கொள்கிறோம். ஆயா நடுவில் நின்றுகொண்டு, “பெரியம்மா ஜன்னலைத் திறக்கச் சொல்றாங்க, சின்னம்மா மூடச் சொல்றாங்க, நான் பாதி திறந்து வெக்கறேன், ரெண்டு பேரும் என்னைத் திட்டிக்கங்க” என்கிறாள். அதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொள்வேன். பிள்ளைகளைத்தான் பார்க்க முடியவில்லை. போன வாரம் சாய்வுப் பலகையில் எதெல்லாம் உருளும், எதெல்லாம் சறுக்கும் என்று பார்த்தோம், மலையிலிருந்து உருண்டு ஊரைப் பார்க்கப் போன கூழாங்கல்லின் கதை. பாட்டில் மூடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன செய்யும் என்று கேட்டேன். முன்பெல்லாம் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று கத்துவார்கள். இப்போது யாரும் பலகையைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்க்கவில்லை, எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவன் உருளும் என்றான், என் புருவத்தைப் பார்த்துவிட்டு, இல்ல இல்ல சறுக்கும் என்றான். நான் சும்மா இருந்தேன், என் முகத்தில் ஏதாவது கிடைக்காதா என்று அத்தனை கண்களும் தேடின. மேதை பழைய இடத்துக்கு வந்து என் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து மெதுவாக என் காதில், “மிஸ், இன்னைக்கு நான் பேசலாமா?” என்று கேட்டாள். பேசு என்றேன். யோசித்தாள். “என்ன சொல்லணும்?” என்றாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். சித்தி சொன்னதை நான் முழுதாக நம்பிவிடவில்லை, ஒருமுறை வந்த முடிவை இன்னொரு முறை சரிபார்க்காமல் எழுதிவைப்பது என் புத்தியில் கிடையாது. அதனால் கேட்கிறேன். அந்தப் பக்கங்களை அனுப்பினாயா? எதற்கென்று தெரிந்து அனுப்பினாயா? என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாயா? சித்தி அழுதிருப்பாள், இடம் போய்விடும் என்று சொல்லியிருப்பாள், நீ இளகியிருப்பாய். அது எனக்குப் புரியும், ஆனால் புரிந்துவிட்டால் வலிக்காது என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை சின்ன விஷயத்துக்கா அம்மா இவ்வளவு எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றலாம், நான்கு வயதுப் பிள்ளைகள், ஒரு ஐஸ் துண்டு, ஒரு படக்கதை. நீயும் நானும் சேர்ந்து செய்தது இந்த உலகத்தில் அது ஒன்றுதான், அது சின்னது என்பதால்தான் அதில் பொய் வராது என்று நினைத்திருந்தேன். சித்தியின் மேல் எனக்குக் கோபம், கோபத்தை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிகிறது, செய்துகொண்டிருக்கிறேன். உன் மேல் கோபம் வரவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை வீடியோவில் பேசிவிட்டோம். கதை நேரம் எப்படிப் போச்சும்மா என்று நீ கேட்டாய், நல்லாப் போச்சு என்றேன், சொல்லிவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு நொடி கீழே பார்த்தாய், பிறகு உன் அறைத்தோழி வளர்க்கிற பூனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய்.

இப்போதைக்குப் புத்தகம் எதுவும் அனுப்ப வேண்டாம். தண்டனை என்று எடுத்துக்கொள்ளாதே, வந்தால் நாடாவை அவிழ்க்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், அதற்காகச் சொல்கிறேன். சித்தியோடு நீ பேசுவதை நிறுத்த வேண்டாம், அவளுக்கும் உன்னைவிட்டால் மனம்விட்டுப் பேச ஆள் இல்லை, எங்கள் சண்டையில் நீ பக்கம் பார்த்து நிற்க வேண்டிய அவசியமில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும். சின்ன வயதிலிருந்தே நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாய், இந்த ஒரு தடவை அது வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல், நான் நடுவில் பேச மாட்டேன். இந்தப் பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்று என் மனதில் எதுவும் இல்லை. நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், அந்த ஆசை என் மனத்தாங்கலுக்கெல்லாம் வெளியே தனியாக, பத்திரமாக இருக்கிறது. இரவு ஷிப்டில் வெறும் வயிற்றோடு நிற்காதே. அப்பா அனுப்பிய கண்ணாடி மூக்கில் அழுத்துகிறது என்றாயாம், மூக்கில் உட்காருகிற அந்தத் திண்டை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மாட்டச் சொல்கிறார். கடிதத்தில் தானும் இரண்டு வரி எழுத இடம் விடச் சொன்னார், எழுத வந்தால் இதையெல்லாம் படித்துவிடுவாரே என்பதால் விடவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா